சன்ஷேடு மேல் பரங்கிக்காய்

பரங்கிக்கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு என்பது எனக்கு முப்பத்தோரு வயதுவரை தெரியாது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் வளர்ந்தவளுக்கு எங்கிருந்து தெரியும். எங்கள் வீட்டில் மண் என்றால் காலில் ஒட்டிக்கொண்டு வருவது, துடைத்துத் தள்ள வேண்டியது. காய் என்றால் மார்க்கெட்டில் இருப்பது. அதனால் பெரிய தோட்டக்காரி ஒருத்தி பேச வந்துவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் வைத்த ஒரு கொடி காய்க்காமல் போய், அதனால் என் குடும்பமே ஆளுக்கொரு பக்கம் போக இருந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

கல்யாணம் ஆகி நான் எண்ணூருக்கு வந்தேன். நாங்களே பார்த்து, நாங்களே முடிவு செய்து கட்டிக்கொண்டது. அவர் பிறந்தது முகத்துவாரக்குப்பம், மீன்பிடிக் குடும்பம். ஆனால் கடலுக்குப் போகாமல் காசிமேட்டில் போட் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறார். நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் ஆபீஸ். உள்ளே வருகிற பெட்டி, வெளியே போகிற பெட்டி, எல்லாவற்றின் நம்பரையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். லாரிக்காரர்களோடு கத்திக் கத்தி எனக்கு வாய் நீளம் என்று பெயர். அதை நான் மறுப்பதில்லை.

எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் அண்ணன். கூடுவாஞ்சேரியில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டவர். மாப்பிள்ளைக்குச் சரி என்றார், ஊருக்குச் சரி என்று சொல்லவில்லை. “பையன் நல்லவன்தான் பாப்பா. ஆனா அந்தப் பக்கம் மன்சன் இருப்பானா? துணி காயப் போட்டா சாம்பலாவுது,” என்றார். நான் விடுவேனா. “நாம மட்டும் இன்னா, கால்வா நாத்தத்துலதான வளந்தோம். அதுல செத்தா பூட்டோம்,” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்த பிறகு, எண்ணூரைப் பற்றி அண்ணனிடம் ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. தும்மினால்கூடப் போனைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் தும்முவேன்.

அடுத்த வருடம் எனக்கு மூன்றாவது மாதத்தில் கலைந்தது. எப்படிச் சுற்றி வளைத்தாலும் சொல்ல வேண்டியது அதுதான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பெண்கள் வார்டு என்பதால் ஆம்பளைகளை உள்ளே விடமாட்டார்கள். அவர் வெளியே வராந்தாவில் மற்ற பெண்களின் புருஷன்மார்களோடு குந்திக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. பின் அறை ஜன்னலைச் சாத்தி, அனல்மின் நிலையச் சாம்பல் வராமல் இடுக்கெல்லாம் பழுப்பு டேப் ஒட்டினார். ஒட்டி முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் காற்றுதான் காரணம். மாவு பொங்காவிட்டால் காற்று. முடி கொட்டினால் காற்று. பிள்ளை கணக்கில் பெயிலானால், “இந்தக் காத்துல இன்னா படிப்பு ஏறும்?” என்று கேட்கிற அம்மாக்கள் உண்டு. அதில் பாதி உண்மை. காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மாலையில் வேறு நிறத்தில்தான் கொடியிலிருந்து இறங்கும். மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து காற்றடித்தால் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்துவிடத் தோன்றும். மீதிப் பாதியை நாங்களாகச் சேர்த்துக்கொள்கிறோம், நானும்தான்.

கலைந்த பிறகு கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, மொட்டை மாடியில் வைத்து, மண் நிரப்பி, பாகல் விதை போட்டேன். முளைத்தது, படர்ந்தது, காய்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. யார்டில் எல்லோரிடமும் சொன்னேன். முதல் காயை அறுத்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிகிறது. அடுத்ததிலும் அதே. பழ ஈ என்று ஒன்று உண்டாம். பிஞ்சாக இருக்கும்போதே குத்தி, உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடுமாம். வெளியே பார்த்தால் காய் ஜம்மென்று இருக்கும். அருவாமனை முன்னால் உட்கார்ந்து நான் அழுதேன், அதுவும் சத்தமாக.

அவர் வந்து பார்த்தார். மறுநாள் சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய மூட்டை வந்து இறங்கியது. வலை. கூனி இறால் பிடிக்கிற வலை, கொசுவலைபோலக் கண் பொடிசு. குப்பத்தில் எல்லாவற்றுக்கும் வலைதான் மருந்து. காக்கா கருவாட்டைக் கொத்தினால் வலை. கோழி பக்கத்து வீட்டுக்கு ஓடினால் வலை. ஆகவே ஈ வந்தாலும் வலை. பாகல்கொடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் பைப்பில் பந்தல் நிறுத்தி, மேலேயும் நாலு பக்கமும் வலையை இழுத்துக் கட்டி, ஓரத்தை நைலான் கயிற்றால் முடிச்சு முடிச்சாகப் போட்டார். அடியில் செங்கல் வரிசை. நான் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்ற ஒரு பக்கத்தில் மட்டும் தூக்கிக் கட்டுகிற மடிப்பு.

“இனிமே ஒரு பூச்சி உள்ள வராது மே,” என்றார். “என் முடிச்சுல ஓட்ட கீதுன்னு எவனாவது காட்டட்டும், வேலய வுட்டுட்றேன்.”

அவர் முடிச்சைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு நேர்த்தி. அவர்கள் வீட்டில் வலைக்கு ஒரு மரியாதை உண்டு. புதுப்பெண்ணாகப் போனபோது, வாசலில் விரித்திருந்த வலையைத் தெரியாமல் தாண்டப் போய், நாலு பேர் ஒரே நேரத்தில் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். வலையைத் தாண்டக் கூடாது. அதைவிட முக்கியம், வலையில் கத்தி படக் கூடாது. சிக்கினால் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும், எத்தனை மணி நேரமானாலும். அறுத்தவன் வீட்டில் எதுவும் தங்காது என்பார்கள். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து சுற்றித்தான் போவேன்.

தை மாதம் கீழ்வீட்டு அக்கா பரங்கி விதை கொடுத்தார். அவர்தான் எங்கள் வீட்டுக்காரம்மா, மீன் கூடை வைத்து வியாபாரம் செய்பவர். நாலு விதையும் முளைத்து, ஒரே மாதத்தில் வலைக்கூண்டுக்குள் இலை நிறைந்துவிட்டது. நான் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடித்து, வந்து தூங்கி எழுந்து, ஐந்து மணிக்குத்தான் மேலே போவேன். பரங்கிப் பூ விடியும்போது விரிந்து பத்து மணிக்குள் மூடிக்கொள்ளும் சங்கதி எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் துவண்டு தொங்குகிற மஞ்சள் பூதான். அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

மாசியில் எனக்கு மறுபடியும் தள்ளிப்போனது. பங்குனியில் கொடியில் பிஞ்சு வந்தது. கோலிக்குண்டு அளவு, பச்சையாக, பூவுக்குக் கீழே. பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மூன்றாம் நாள் அது மஞ்சளானது. நான்காம் நாள் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். சாணி கரைத்து ஊற்றினேன், மோர் தெளித்தேன், மீன் கழுவின தண்ணீர் ஊற்றினேன். இலை மட்டும் தாம்பாளம்போல விரிந்துகொண்டே போனது. பிஞ்சு ஒன்றுகூட நிற்கவில்லை. போதாக்குறைக்கு இலைக்கடியில் அசுவினி, பேன்போலப் பொடிப்பூச்சி, அப்பியது. ஒரு பூச்சியும் வராத வலைக்குள் எறும்பும் எப்படியோ நுழைந்து, அசுவினியிலிருந்து வடிகிற இனிப்பை நக்கிக்கொண்டு, அதற்குக் காவலும் இருந்தது.

எனக்கு மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. போன தடவை போனது அந்த மாதத்தில்தான். ஒவ்வொரு நாளும் பாத்ரூமுக்குப் போகவே பயம். அப்படிப்பட்ட நேரத்தில், தினமும் மாடிக்குப் போய் உதிர்ந்த பிஞ்சைப் பொறுக்கிக் கொண்டிருந்தால் மனசு என்ன ஆகும். நல்ல மண், நல்ல தண்ணீர், வெயில் எல்லாம் இருக்கிறது, பின்னே என்ன குறை. காற்றுதான். பாகல் அதே மாடியில் அதே காற்றில் காய்த்ததே என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பயந்தவளுக்குத் தோதாக இருப்பது மட்டும்தான் ஞாபகம் வரும்.

அண்ணனிடம் போனில் உடைத்துவிட்டேன். அத்தனை நாள் வீறாப்பும் ஒரே நிமிடத்தில் போனது. அவர் சொல்லிக்காட்டவில்லை, அதற்கு நான் அவருக்கு ஆயுசுக்கும் கடன்பட்டவள். “ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு வரேன் பாப்பா. கொழந்த பொறந்து கையில வர்ற வரைக்கும் இங்க இரு,” என்றார். போனால் யார்டு வேலை போய்விடும், அது கான்ட்ராக்ட் வேலை. என் வீட்டுக்காரர் காசிமேட்டை விட்டு வரமுடியாது. ஏழு மாதம் தனித்தனி. அதற்குப் பிறகும் நான் திரும்பி வருவேனா என்று எனக்கே உறுதியில்லை. கைக்குழந்தையை எடுத்துக்கொண்டு இந்தக் காற்றுக்கா வருவேன்.

அவரிடம் சாப்பிடும்போது சொன்னேன். மெதுவாகச் சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். வாயைத் திறந்தால் எனக்கு மெதுவாக எப்போது வந்திருக்கிறது.

“ஒரு பரங்கிப் பிஞ்சு நிக்காத எடத்துல என் வயித்துல இருக்கறது மட்டும் எப்பிடிய்யா நிக்கும்?” என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தபடி இருந்தார். “போறதுன்னா போ மே,” என்றார். “நான் இன்னாத்த சொல்றது.” கையைக் கழுவிவிட்டு மாடிக்குப் போனார். அடுத்த நாள் மாலை போய்ப் பார்த்தால், முதல் வலைக்கு மேலே இரண்டாவதாக இன்னொரு வலை போர்த்திக் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. காற்றை வலை போட்டுப் பிடிக்கப் பார்க்கிறாரே இந்த மனுஷன் என்று திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

வாந்தி தாங்காமல் அந்த வாரம் லீவு போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வயிறு புரட்டியது. அவர் வேலைக்குப் போய்விட்டார். படுக்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மாடி ஏறினேன். ஏறினால், கூண்டுக்குள் அத்தனை பூவும் விரிந்திருக்கிறது. அந்த மஞ்சளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வாந்திகூட ஒரு நிமிடம் நின்றுவிட்டது. இவ்வளவு அழகாகப் பூக்கிறாயே, அப்புறம் ஏன் என்னைச் சாகடிக்கிறாய் என்று கொடியிடம் கேட்டேன்.

வலையின் வெளிப்பக்கத்தில் ஏழெட்டுத் தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. மேலே ஏறும், கீழே இறங்கும், பறந்து போய் வேறு இடத்தில் முட்டும், மறுபடி ஊரும். கன்னங்கரேலென்று ஒரு பெரிய வண்டு வேறு, தண்டவாளத்து எருக்கஞ்செடியில் சுற்றுமே அந்த ஜாதி, வந்து டொப்பென்று வலையில் மோதிவிட்டுப் போனது. எனக்குக் கொட்டிவிடுமோ என்று பயம். துண்டை வீசி விரட்டினேன். நல்லவேளை, அவர் வலை கட்டியிருக்கிறார், இல்லையென்றால் இதுகள் பூவை நாசம் பண்ணியிருக்கும் என்று நினைத்தேன். என் புத்திசாலித்தனம் அந்த அளவில் இருந்தது.

அப்போது கீழே கொல்லையில் கூடை கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்துக் கூப்பிட்டார். “யம்மா, மேலயா கீறே? உன் பரங்கிக்காய எப்பதான் பறிப்பே? வுழுந்துச்சுன்னா என் மண்ட ரெண்டாப் பூடும்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊருக்கே தெரியும் என் கொடி காய்க்கவில்லை என்று. “காலங்காத்தால கிண்டலாக்கா?” என்றேன்.

“இன்னா கிண்டல்? எட்டிப் பாரு. உன் வூட்டு சன்ஷேடு மேல குந்திகினு கீது.”

கைப்பிடிச் சுவரில் வயிறு படாமல் பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். மழைத்தண்ணீர் போக மாடிச் சுவரின் அடியில் விட்டிருக்கிற ஓட்டை வழியாக, செங்கல் வரிசைக்குக் கீழே நுழைந்து, கொடியின் ஒரு நுனி வெளியே போயிருந்தது. சுவரோடு இறங்கி, எங்கள் பின் அறை ஜன்னலுக்கு மேலிருக்கும் சன்ஷேடில் படர்ந்திருந்தது. டேப் ஒட்டின ஜன்னல், திறந்தே ஒரு வருடமாகிறது, உள்ளிருந்து எப்படித் தெரியும். அந்த சன்ஷேடின் மேல், இலையெல்லாம் சாம்பல் படிந்து கிடக்க, அதற்கு நடுவில் ஒரு பரங்கிக்காய். சின்னக் குடம் அளவு. அதன் மேலும் சாம்பல். பக்கத்தில் இன்னொரு பிஞ்சு, அதுவும் பச்சையாக, கெட்டியாக. ஒரு தேனீ அங்கே விரிந்திருந்த பூவுக்குள் தலைகீழாகப் புகுந்து வெளியே வந்தது. முதுகெல்லாம் மஞ்சள் மாவு.

அங்கேயே சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். அதே கொடி. அதே டிரம், அதே தண்ணீர். சாம்பல் உள்ளே இருப்பதைவிட அங்கேதான் அதிகம். வலைக்கு உள்ளே இருந்ததெல்லாம் உதிர்ந்தது, ஓட்டை வழியாக ஓடிப்போனது காய்த்திருக்கிறது. போனை எடுத்துத் தேடினேன். ஆண் பூ, பெண் பூ என்று ஒவ்வொன்றாக வந்தது. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும், அதைத் தானாகச் செய்ய கொடிக்குக் கையில்லை, காற்றாலும் ஆகாது, அது அவ்வளவு பிசுபிசுப்பு. தேனீயோ வண்டோ உள்ளே புகுந்து, தேன் குடிக்கிற சாக்கில் உடம்பில் பூசிக்கொண்டு போய் அங்கே தேய்த்தால்தான் உண்டு. அந்தக் கொஞ்சத் தேனுக்காகத்தான் அது வருகிறது, வருவதற்காகத்தான் பூ தேன் வைத்திருக்கிறது. அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் உண்டாம். அதையும் சேர்த்துத்தான் நாங்கள் வெளியே நிறுத்தியிருந்தோம். புழு வைக்கிற ஈயைத் தடுக்கப் போய், பிள்ளை கொடுக்க வந்தவர்களுக்கும் கதவைச் சாத்தியிருக்கிறோம்.

கீழே போய்க் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தேன். வலையைப் பிடித்து, வாயைத் திறந்து வைத்தும் விட்டேன். அப்புறம் கை நின்றுவிட்டது. கோபக்காரிதான், ஆனால் மூன்றாவது மாதத்தில் இருக்கிறவள். போனில் அவரைக் கூப்பிட்டு, “ஒடனே வா,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான்.

காசிமேட்டிலிருந்து அந்த டிராஃபிக்கில் எப்படித்தான் வந்தாரோ. படியில் தடதடவென்று ஓடி வந்தார். முதலில் வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறார், நான் இல்லை. பாத்ரூம் கதவைத் தட்டியிருக்கிறார். அப்புறம் மாடிக்கு வந்தார். கையெல்லாம் கிரீஸ், முகத்தில் ரத்தமே இல்லை. நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் கத்திரிக்கோல். என் வயிற்றைத்தான் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் இல்லய்யா,” என்றேன். “நல்லாத்தான் கீறேன். குந்து மொதல்ல.”

அவர் குந்தவில்லை, அப்படியே சரிந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, எட்டிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் தேனீ, ஆண் பூ, பெண் பூ எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். திட்டுவதற்கென்று நல்ல நல்ல வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன், அவர் முகத்தைப் பார்த்த பிறகு ஒன்றும் வரவில்லை.

“அப்போ காத்து இல்லயா?” என்றார்.

“இல்ல.”

“சாம்பலும் இல்லயா?”

“அது மேல கீறதப் பாத்தல்ல.”

“என் வலதானா?”

“உன் வலதான். ஒண்ணுக்கு ரெண்டா கட்னியே, அது.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் அவரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, துடைத்துத் துடைத்து முகமெல்லாம் கிரீஸ். தப்பு உன்னுடையது என்று சொன்னால் உலகத்தில் எவனாவது இப்படிச் சந்தோஷப்படுவானா. “என் தப்புதானா, என் தப்புதானா,” என்று திருப்பித் திருப்பிக் கேட்கிறார். அவர் தப்பு என்றால் அவிழ்த்துவிடலாம். காற்றை அவர் என்ன செய்ய முடியும். அவருக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று எனக்குப் புரிந்தபோது கையிலிருந்த துண்டால் அவர் முகத்துக் கிரீஸைத் துடைத்துவிட்டேன்.

கத்திரிக்கோலை என் கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்தார். அன்று பிற்பகல் முழுவதும், பொழுது சாய்கிறவரை, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அவர் போட்ட முடிச்சு, அவருக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். “எவன்டா இத்த கட்னது, பேமானி,” என்று தன்னையே திட்டிக்கொண்டார். நான் நிழலில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் போட்டேன். வண்டி வேண்டாம் என்றேன். அவர் காரணம் கேட்டார். “எங்க வூட்ல தேனீ வருதுண்ணா,” என்றேன். பாவம், என்ன புரிந்ததோ. ஆனாலும் சரி என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு காற்று நல்லதாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சாம்பலுக்குப் பயந்து தட்டைக் கவிழ்த்துத்தான் வைக்கிறோம். ஒவ்வொரு மாதமும் செக்கப்புக்குப் போகும்போது பயந்துகொண்டுதான் போனேன். பரங்கிக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை, அந்த அளவு அறிவு எனக்கும் உண்டு. ஐப்பசியில் பெண் பிறந்தாள். என் வாயைத்தான் கொண்டு வந்திருக்கிறாள் என்று வார்டு முழுக்கச் சொன்னார்கள். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமோ, அது வேறு. ஆனால் நிம்மதி எப்போது வந்தது என்று கேட்டால், வலை அவிழ்த்ததற்கு மறுநாள் காலையைத்தான் சொல்வேன்.

அந்தக் காலையில் அவர் வேலைக்கு லேட்டாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னோடு மாடிக்கு வந்தார். இரண்டு பேரும் டீ டம்ளரோடு உட்கார்ந்தோம். பூ விரிந்திருந்தது. முதலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒன்று வந்தது. ஒரு பூவில் புகுந்து, புரண்டு, மஞ்சளாக வெளியே வந்து, அடியில் பிஞ்சு வைத்திருந்த பூவுக்குள் போனது. அவர் மூச்சுகூட விடவில்லை. அது வெளியே வந்து பறந்து போன பிறகுதான் டம்ளரைக் கீழே வைத்தார்.

“போன தடவ,” என்றார். கலைந்ததைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. “உன்ன இங்க இட்டாந்து வச்சதாலதான்னு நீ நெனச்சியா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. “நெனச்சேன்,” என்றேன். “வெளிய சொல்லல. ஆனா நெனச்சேன்.”

“நானும் அதான் நெனச்சிகினு கீறேன்,” என்றார். “தெனம்.”

“ஆனா அது உண்ம இல்லய்யா. டாக்டரம்மா அன்னிக்கே சொன்னாங்க. நெறய பேருக்கு இப்பிடி ஆவும், ஆரம்பத்துலயே கரு சரியா அமையலன்னா ஒடம்பே வெளிய தள்ளிடும், ஊரும் காரணம் இல்ல, நீங்க பண்ண எதுவும் காரணம் இல்லன்னு.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உன்கிட்ட சொன்னாங்களா? என்கிட்ட யாரும் சொல்லலயே.”

அவர் வெளியே வராந்தாவில்தானே இருந்தார். யார் சொல்லியிருப்பார்கள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொன்னதை நானே நம்பாமல், யார்மேலாவது கோபப்பட வேண்டும் என்று அதை உள்ளேயே வைத்துக்கொண்டு, ஒரு வருடம் அந்த மனுஷனை அப்படியே விட்டிருக்கிறேன். ஊர் முழுக்கக் கேட்கக் கத்துகிறவள், வீட்டில் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதை முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தபா சொல்லு,” என்றார்.

சொன்னேன்.